கேட்காமல் எடுக்காத சிஸ்டம் அக்கா

சிஸ்டம் அக்காவுக்கு போனை முதலில் வைக்கத் தெரியாது. எதிர்முனையில் வைக்கிற வரைக்கும் ரிசீவரைக் காதோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பேசுகிறவரும் மரியாதைக்காரராக இருந்துவிட்டால் அவ்வளவுதான். "சரிங்க, வைங்க." "இல்லீங்க, நீங்க வைங்க." "அட, நீங்க வைங்க." கோயமுத்தூரில் மரியாதைக்கா பஞ்சம்? ஒருமுறை ஈரோட்டுப் பஞ்சு வியாபாரி ஒருவரும் இவரும் மாறி மாறி வைக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பக்கத்தில் நின்றிருந்த எனக்குப் பொறுக்கவில்லை. போன் மேலிருந்த பொத்தானை நானே அமுக்கிவிட்டேன். யாரோ வாசலில் நிற்கும்போது முகத்துக்கு நேரே கதவைச் சாத்திவிட்டவளைப் பார்ப்பதுபோல் அக்கா என்னைப் பார்த்தார். அன்று மத்தியானம் வரை என்னோடு பேசவில்லை.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. அலுவலகத்தில் நாங்கள் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. முதலாளியின் சின்ன மகனிலிருந்து டீ கொண்டுவருகிறவர் வரை எல்லோருக்கும் அவர் சிஸ்டம் அக்கா.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு நூற்பாலைக் குழுமத்தின் தலைமை அலுவலகம் அது. தொண்ணூறுகள் முடியப்போகிற நேரம். இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுபோகும் என்று ஆளாளுக்குப் பயமுறுத்திக்கொண்டிருந்தார்கள். நான் நூல் விற்பனைப் பிரிவில் இருந்தேன். என் மேசைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி அறை. அதற்குள் மூன்று சர்வர்களும் சிஸ்டம் அக்காவும். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஏசி குளிர் எலும்புக்குள் போகும். சித்திரை வெயிலில் ஊரே வெந்துகொண்டிருக்கும்போது அக்கா மட்டும் பச்சை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உள்ளே இருப்பார். "ஊட்டிக்கு டிக்கெட் எடுக்காமலே போயிட்டீங்க" என்று நான் கேலி பண்ணுவேன். சிரிக்க மாட்டார். "ஆமாங்க" என்பார். அவ்வளவுதான்.

எங்கள் மேசைகளில் இருந்த கம்ப்யூட்டர்களில் சரக்கு ஒன்றும் கிடையாது, வெறும் கண்ணாடிதான். நாங்கள் இங்கே தட்டினால் எழுத்து உள்ளே இருக்கிற சர்வரில் விழும். திரையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று படங்கள். எதை அமுக்கினாலும் அந்த சர்வருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளலாம். வேலை முடிந்ததும் முறையாக வெளியேற வேண்டும். அதை யாரும் செய்ய மாட்டார்கள். செய்ய விட மாட்டார், தலைமைக் கணக்கர்.

அவர் பஞ்சு மண்டியில் கணக்கு எழுதி வளர்ந்தவர். அந்த மண்டியில் இரவு கடை சாத்தும்போதுகூட பேரேட்டை மூட மாட்டார்களாம். விரித்தபடியே வைத்து, மேலே ஒரு துணியைப் போர்த்திவிட்டு, "வாரோம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார்களாம். கம்ப்யூட்டர் வந்தபோதும் அதே சட்டம்தான். "கணக்க மூடிப்போட்டுப் போறதுங்கிற பேச்சே ஆகாதுங்கோ. அப்படியே வச்சுப்போட்டு வாரோம்னு போகோணும்" என்று எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தார். ஆகவே ஐந்தரை மணி ஆனால் நாங்கள் எல்லோரும் திரையின் மூலையில் இருக்கிற பெருக்கல் குறியை அமுக்கிவிட்டுக் கிளம்பிவிடுவோம். கண்ணாடிதான் அணையும். உள்ளே சர்வரில் நாங்கள் அப்படியே உட்கார்ந்திருப்போம், பாதி அடித்த பில்லோடு.

மறுநாள் காலையில் கைக்கு வந்த படத்தை அமுக்குவோம். நேற்று ஒன்றாவதில் இருந்தவர் இன்று மூன்றாவதில் போய் உட்காருவார். நேற்றைய பில்லைத் திறந்தால், வேறொருவர் திறந்து வைத்திருக்கிறார் என்று கம்ப்யூட்டர் சொல்லும். அந்த வேறொருவர் அவரேதான். உடனே கண்ணாடி அறைக்கு போன் போகும்.

"அக்கா, நான் எங்க இருக்கேன்னு சித்தெ பாருங்க."

இதைக் கேட்டுப் புதிதாக வருகிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எங்களுக்குப் பழகிவிட்டது. ஆரம்பத்தில் அக்கா ஒவ்வொரு சர்வராகத் திறந்து, அதில் இருக்கிறவர்களை மேலிருந்து கீழே வரை பார்த்து, ஆளைக் கண்டுபிடித்துச் சொல்வார். பிறகு அவராகவே ஒரு சின்ன ஸ்கிரிப்ட், கம்ப்யூட்டருக்கான கட்டளை வரிசை, எழுதினார். பெயரை அடித்தால் போதும். அதுவே மூன்று சர்வர்களுக்கும் வரிசையாகப் போய், இந்தப் பெயரில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டு வரும். இருந்தால் எந்த சர்வர், திரை எதிரே ஆள் இருக்கிறாரா, கண்ணாடியை அணைத்துவிட்டுப் போய்விட்டாரா, கீபோர்டில் கடைசியாகக் கை வைத்து எவ்வளவு நேரமாயிற்று என்று எல்லாம் வரும். இல்லாவிட்டால் இல்லை என்று மூன்று தடவை சொல்லும்.

கண்டுபிடிப்பதோடு விட்டால் பரவாயில்லை. ஒரு சொடுக்கில் பழைய ஆளை எழுப்பி அனுப்பிவிட்டால் பில் திறந்துகொள்ளும். அக்கா அனுப்ப மாட்டார். கேட்பார். அந்த ஆளின் திரைக்கு ஒரு செய்தி அனுப்புவார், ஆங்கில எழுத்தில் தமிழாக. "ஏனுங்க, இங்க உங்க வேலை பாதில நிக்குதுங்க. முடிச்சுக்கறீங்களா, எடுத்துப்போடட்டுங்களா?" பதில் வராவிட்டால் போன் பண்ணுவார். போனை எடுக்காவிட்டால் எழுந்து மேசைக்கே நடந்து வருவார், அந்தப் பச்சை ஸ்வெட்டரோடு. ஒரு வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சர்வர்களை நிறுத்திப் பொட்டு வைக்க வேண்டும். மஞ்சள், சந்தனம், பொரிகடலை எல்லாம் தயாராகி, ஐயரும் வந்துவிட்டார். கொள்முதல் பிரிவுக்காரர் ஒருவர் மட்டும் உள்ளே உட்கார்ந்திருக்கிறார், ஆளோ திருப்பூர் போய்விட்டார். அவரைப் பிடித்துக் கேட்கிற வரைக்கும் அக்கா சர்வரை நிறுத்தவில்லை. ஐயர் பொரிகடலையைக் கொறித்துக்கொண்டே காத்திருந்தார்.

"எடுத்துப்போட்டாத்தான் என்னங்க? அவங்க மறந்துபோட்டுப் போனது, அவங்க தலையெழுத்து" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"என்னமோ எழுதிட்டிருந்திருப்பாங்கல்லங்க. அது அவங்க நினைப்புல இருக்கும். நாம எடுத்துப்போட்டா, வந்து பார்த்துத் திகைச்சுப்போவாங்க."

அவர் என்னிடம் தொடர்ந்து பேசிய மிக நீளமான பேச்சு அநேகமாக அதுதான்.

ஆர்.எஸ்.புரத்துக்குப் பின்னாலேயே ஒரு மகளிர் விடுதியில் இருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். ஏன் கல்யாணமாகவில்லை என்று யாரும் கேட்டதில்லை. கேட்கிற அளவுக்கு யாரும் பழகவில்லை என்பதுதான் உண்மை. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். எங்களோடு பேசும்போது எங்களை மிஞ்சுகிற கொங்குத் தமிழ் வரும். ஸ்கிரிப்ட் எழுதும்போது மட்டும் வாய்க்குள் தெலுங்கில் முணுமுணுப்பார். அம்மா இருந்தவரை அவரோடு பேசிய தெலுங்காம். அம்மா போன பிறகு அந்தத் தெலுங்கைப் பேச ஆளில்லை, சர்வரோடு பேசிக்கொண்டிருந்தார். மத்தியானம் நாங்கள் மேசைகளைச் சேர்த்துப் போட்டுக்கொண்டு சாப்பிடுவோம். அவர் விடுதி டப்பாவோடு கடைசியாக வந்து மூலையில் உட்காருவார். நான் அரிசியும்பருப்பும் சாதம் கொண்டுபோகிற நாளில் ஒரு கரண்டி அவர் டப்பாவில் தள்ளுவேன். வேண்டாம் என்று சொல்ல மாட்டார், நல்லாயிருக்கிறது என்றும் சொல்ல மாட்டார். மறுநாள் டப்பா மூடியில் எனக்கென்று இரண்டு வாழைப்பழம் இருக்கும்.

அவர் வாய் விட்டுச் சிரித்துப் பார்க்க வேண்டுமானால் கோபியிலிருந்து போன் வர வேண்டும்.

கோபிசெட்டிபாளையத்துக்கு வெளியே, வாழைத்தோட்டங்களுக்கு நடுவில் எங்கள் ஆலையின் சின்ன யூனிட் ஒன்று இருந்தது. அங்கே ஒரே ஒரு கம்ப்யூட்டர், டெலிபோன் லைன் வழியாக எங்கள் சர்வரோடு பேசும். அதன் எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் பெயர் சரோஜா. காற்று அடித்தால் லைன் அறுந்துபோகும், மழை தூறினால் அறுந்துபோகும், ஒன்றுமே இல்லாவிட்டாலும் அறுந்துபோகும். உடனே போன். "அக்கா, போச்சுங்க." இவர் பெயரை அடித்துத் தேடிப் பார்த்துவிட்டு, "பதறாதீங்க, ரெண்டாவதுல இருக்கீங்க. பத்திரமா இருக்கீங்க" என்பார். மறுபடி லைன் கிடைக்கக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருக்கிற நேரத்தில் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருப்பார்கள். வாய்க்காலில் தண்ணீர் விட்டது, மாடு கன்று போட்டது, லாரி ஓட்டப் போன வீட்டுக்காரர் பம்பாயிலிருந்து இன்னும் திரும்பாதது, மகன் கணக்கில் பார்டரில் தப்பித்தது என்று எல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து வரும். இந்தப் பக்கத்திலிருந்து "அப்படீங்களா", "அப்பறமுங்க". வேலையாக உள்ளே போனால்தான் இதெல்லாம் காதில் விழும், கண்ணாடிக்கு வெளியே எங்களுக்கு சத்தம் கேட்காது. தோள் குலுங்குவதுதான் தெரியும்.

"கோபிக்காரிக்கு மட்டும் பல்லு தெரியுது. நாங்கல்லாம் என்ன பாவம் பண்ணோமுங்க?" என்று கேட்டேன்.

"அவங்க நல்லாப் பேசுவாங்க" என்றார். முகம் சிவந்துபோயிற்று. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை.

இப்படி இருக்கும்போது ஒருநாள் முதலாளியின் சின்ன மகன் கண்ணாடி அறைக்குள் வந்தார். எல்லோரும் சின்னவர் என்போம். வெளியூரில் படித்துவிட்டு வந்து புதிதாக நிர்வாகம் பார்க்கிறவர். கெட்டவர் இல்லை. மரியாதை தெரிந்தவர், செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போனார். அவருடைய பட்டியல் ஒன்று எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்தது. அக்கா பெயரை அடித்துத் தேட, அவர் பின்னால் நின்று பார்த்தார்.

"இந்தக் கடைசில ஒரு நம்பர் வருதே, அது என்னங்க அக்கா?"

"கை வெச்சு எத்தனை நேரமாச்சுன்னு காட்டுமுங்க."

"அப்படீங்களா? எல்லாருக்கும் காட்டுமுங்களா?"

"காட்டுமுங்க."

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் கொஞ்சம் இழுத்திருப்பார்கள். அக்காவுக்கு அது வராது. சின்னவர், சனிக்கிழமை தோறும் அந்த நம்பரை மட்டும் ஆள்வாரியாக எடுத்துத் தர முடியுமா என்று பணிவாகக் கேட்டார். அக்கா எடுத்துக் கொடுத்தார். திங்கட்கிழமை சின்னவர் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, மத்தியானம் இவ்வளவு நேரம் கை வைக்கவில்லையே, உடம்புக்கு ஏதாவது முடியவில்லையா என்று விசாரித்தார். விசாரித்தது அவ்வளவுதான். அது போதாதா?

அடுத்த நாளிலிருந்து தண்ணீர் குடிக்கப் போனாலும் முறையாக வெளியேறிவிட்டுத்தான் போனோம். கையை எடுக்கவே பயம். தலைமைக் கணக்கர் ஐந்தரை மணிக்குக் கணக்கை மூடினார். மூடிவிட்டு, யாரையும் பார்க்காமல் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். "வாரோம்" என்றும் சொல்லவில்லை. அத்தனை வருஷமாக அவரை மூட வைக்க முடியாமல் தவித்த அக்கா, கண்ணாடி வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யாரும் தங்களை உள்ளே விட்டுவிட்டுப் போகாததால் தேட ஆளில்லை. போன் அடிக்கவில்லை. சாப்பிடுகிற இடத்தில் அக்கா வந்து உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும். "சனிக்கிழமை லிஸ்டுல இதும் வருமுங்களா?" என்று கொள்முதல்காரர் டப்பாவைத் திறந்தபடி கேட்டார், எல்லோரும் சிரித்தோம். நானும்தான். பிறகு அக்கா சாப்பிட வருவதை நிறுத்திவிட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராக அடித்துப் பார்ப்பார். எல்லோரும் அவரவர் இடத்தில் சரியாக இருப்பார்கள். எனக்கு அவர் மேல் கோபமும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. எது அதிகம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

கோபி லைன் மட்டும் பழையபடியே அறுந்துகொண்டிருந்தது. அது ஒன்றுதான் அவருக்கு மிச்சம்.

அதிலும் இடி விழுந்தது. சனிக்கிழமைப் பட்டியலில் எல்லோரையும்விட மேலே நின்றது சரோஜாவின் பெயர். லைன் அறுந்து உள்ளே மாட்டிக்கொண்டு கிடக்கிற நேரமெல்லாம் கை வைக்காத நேரமாக ஏறிவிட்டது.

"கோபில அந்தம்மா தூங்கறாங்களாட்ட இருக்குதுங்க" என்றார் சின்னவர்.

"இல்லீங்க, லைன் கட்டாகுதுங்க. அவங்க அங்க ஒக்காந்துதான் இருக்காங்க."

"அத நாம எப்படிங்க நம்பறது?"

அக்காவுக்கு அன்று வந்த வேகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஸ்கிரிப்டைப் பிரித்துப் போட்டு மறுபடி எழுதினார். சும்மா உட்கார்ந்திருக்கிற நேரம் தனி, லைன் அறுந்து கிடக்கிற நேரம் தனி, எத்தனை தடவை அறுந்தது என்பது தனி. முணுமுணுப்பு கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது. நான் உள்ளே போயிருந்தபோது போனில் சரோஜாவிடம், "நீங்க ஒண்ணும் நினைக்காதீங்க. வேலையிலதான் இருந்தீங்கன்னு பளிச்சுனு காட்டிப்போடறேன்" என்று சொன்னார். அந்த வேலையை வைத்துத்தான் சரோஜா வீட்டில் அடுப்பு எரிந்தது. அது அக்காவுக்குத் தெரியும், கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் தெரியும்.

பட்டியலை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்து காட்டினார். அவராக என் மேசைக்கு வந்து எதையும் காட்டியது அதுதான் முதல் தடவை. சரோஜா சும்மா இருந்த நேரம் எங்கள் எல்லோரையும்விடக் குறைவு. "பாருங்க" என்றார். ஸ்வெட்டரின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு சின்னவர் அறைக்குப் போனார்.

சின்னவர் நிதானமாகப் படித்தாராம். "ரொம்ப நல்லாப் பண்ணியிருக்கீங்க அக்கா. அந்தம்மா மேல தப்பே இல்லீங்க" என்றாராம். அடுத்து இன்னொன்று சொன்னாராம்.

"லைன் இத்தனை தடவை அறுந்துபோகுதுன்னா அங்க எதுக்குங்க கம்ப்யூட்டரு? பில் சீட்டெல்லாம் கோபி பஸ்ல போட்டு விடச் சொல்லிப்போடுங்க. இங்க நம்ம ஆளுகளே கம்ப்யூட்டர்ல ஏத்திப்போடட்டும்."

அதில் தப்பு சொல்ல என்ன இருக்கிறது? அக்கா நிரூபித்ததைத்தான் அவர் படித்தார். ஒன்றாந்தேதியிலிருந்து வர வேண்டாம் என்று யூனிட் மேனேஜர் சரோஜாவிடம் சொல்லிவிட்டார். நல்ல மனிதர், காபி வாங்கிக் கொடுத்துத்தான் சொன்னாராம்.

கடைசி நாளன்றும் லைன் அறுந்திருக்கிறது. அதனால் சரோஜா இரண்டாவது சர்வரில் அப்படியே இருந்தாள், ஒரு பில்லைப் பாதி அடித்தபடி. அந்தப் பெயரை எடுத்துவிடும்படி சின்னவர் சொல்லி அனுப்பினார். அக்கா வழக்கம்போல செய்தி அனுப்பினார். அதைப் பார்க்க அந்தப் பக்கம் திரையே இல்லை. யூனிட்டுக்கு போன் பண்ணினார். "அவங்கதான் வர்றதில்லீங்களே" என்றார் மேனேஜர். வீட்டில் போன் கிடையாது. விலாசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை கோபி போய்ட்டு வரலாமுங்களா?" என்று என்னைக் கேட்டார்.

"எதுக்குங்க?"

"கேக்கோணுமல்லங்க."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். வேலையை விட்டே நிறுத்தியாயிற்று, பாதி பில்லை மூட அனுமதி கேட்க பஸ் ஏறிப் போகிற பைத்தியம் உலகத்தில் உண்டா என்று கேட்டேன். அக்கா விலாசத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். தனியாக அனுப்ப எனக்கு மனசு வரவில்லை, கூடவே போனேன். காந்திபுரத்தில் பஸ் ஏறினோம். அவிநாசி, நம்பியூர் என்று வழியெல்லாம் நான்தான் பேசினேன். அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வாங்கி வந்த ஆப்பிள் பையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஊருக்கு வெளியே வரிசையாக ஓட்டு வீடுகள். வாசலில் ஒரு பெண் சோளம் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பழைய நைட்டியும் மேலே ஒரு துண்டும். போன் குரலைக் கேட்டு நான் வாட்டசாட்டமான ஆளை நினைத்திருந்தேன். இவள் குச்சிபோல இருந்தாள்.

"சரோஜாங்களா?" என்றார் அக்கா.

அந்த ஒரு சொல்தான். சோளத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். "அக்கா" என்றாள். கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்படித்தான் இருப்பீங்களா? நான் உங்களக் கொஞ்சம் வயசானவங்கன்னு நினைச்சுப்போட்டேன்" என்று சிரித்தாள். பக்கத்து வீட்டைப் பார்த்து, "என்ற ஆபீஸ்ல இருந்து ஒறம்பரை வந்துருக்காங்க" என்று விருந்தாளி வந்த பெருமையோடு குரல் கொடுத்தாள். எங்களை நாற்காலியில் உட்கார வைத்து மோர் கொண்டுவந்து கொடுத்தாள். "சித்தெ இருங்க, இதா வந்துபோட்டேன்" என்று உள்ளே போனாள். தண்ணீர் மொள்ளுகிற சத்தம் கேட்டது. பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. அக்கா மோரைக் கையில் வைத்துக்கொண்டு, சொல்லப்போவதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன், உதடு அசைந்தது.

சரோஜா வெளியே வந்தபோது கஞ்சி போட்ட பருத்திப் புடவை கட்டி, பின் குத்தி, முகத்தில் பவுடர் போட்டிருந்தாள். எங்கள் எதிரே நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நாளைல இருந்தே வரோணுமுங்களா அக்கா, இல்ல ஒண்ணாந்தேதில இருந்துங்களா?"

நான் ஆப்பிள் பையைப் பார்த்தேன். வேறெங்கே பார்ப்பது?

"இல்லீங்க சரோஜா" என்றார் அக்கா. அதற்கு மேல் வரவில்லை. மறுபடியும், "இல்லீங்க" என்றார்.

சரோஜா எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகப் புரிந்தது. புடவை மடிப்பை நீவிவிட்டுக்கொண்டாள். "நானா என்னமோ நினைச்சுப்போட்டேன். நீங்க மோரு குடிங்க" என்றாள். இதற்குப் பதில் ஒரு அடி அடித்திருக்கலாம்.

பிறகு அவளே கேட்டாள். "என்ற எடத்துல இப்ப யாருங்க?"

"யாருமில்லீங்க. நீங்கதான் இருக்கீங்க."

"நானுங்களா?"

"ரெண்டாவதுல. அன்னைக்கு அடிச்ச பில்லு பாதில அப்படியே இருக்குதுங்க." எடுத்துப்போடட்டுங்களா என்று கேட்கத்தான் அவ்வளவு தூரம் வந்தார். கேட்கவில்லை.

சரோஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அப்ப இருக்கட்டுங்க அக்கா. எடுத்துப்போடாதீங்க. என்னிக்காச்சும் கூப்பிடுவாங்கல்லங்க" என்றாள்.

அக்கா சரி என்று தலையசைத்தார்.

மறுநாள் காலை சின்னவர் கண்ணாடி அறை வாசலில் நின்று, "அந்தப் பேர எடுத்துப்போட்டீங்களா அக்கா?" என்று கேட்டார்.

"கேட்டேனுங்க. இருக்கட்டும்னு சொல்லிப்போட்டாங்க."

சின்னவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது கோபப்படவில்லை, அதுதான் கொடுமை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். "அக்கா, அது ஒரு பேருங்க. வெறும் பேருதான். நான் இருக்கேன், எடுங்க" என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். அக்கா இரண்டாவது சர்வரைத் திறந்தார். பிறகு எடுத்தார். சின்னவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரம் முழுக்க அக்கா யாரோடும் பேசவில்லை. பேசுவதற்கு நாங்களும் போகவில்லை. சனிக்கிழமை பட்டியல் மட்டும் வழக்கம்போலப் போயிற்று. அன்று சாயங்காலம் நான் ஒரு பில் எண் கேட்பதற்காகக் கண்ணாடி அறைக்குள் போனபோது போன் அடித்தது. எடுத்தார். காசு போட்டுப் பேசுகிற பெட்டியிலிருந்து வந்த போன். குரல் வெளியே எனக்கே கேட்டது. "அக்கா, நாந்தானுங்க. இன்னும் இருக்கேனுங்களா, எடுத்துப்போட்டாங்களா?"

அக்கா சரோஜாவின் பெயரை அடித்தார். ஸ்கிரிப்ட் ஓடியது. ஒன்றாவதில் இல்லை என்று வந்தது. இரண்டாவதில் இல்லை என்று வந்தது. மூன்றாவதிலும் இல்லை என்று வந்தது. நான் பக்கத்தில் நிற்பது அவருக்குத் தெரியும்.

"இருக்கீங்க சரோஜா" என்றார். "பில்லும் அப்படியே இருக்குதுங்க. நான் யாரையும் தொட விடலீங்க."